பகைக்குப் பட்டா வாங்கின கதை

ஏலே பேராண்டி, அந்த வீடியோ ஆட்டத்தைச் செத்த நிப்பாட்டு. ஒண்ணு ரெண்டு கேக்க வேண்டியது கெடக்கு.

டோல்கீன்னு ஒரு இங்கிலாந்து வாத்தியாரு. 1954, 55ல ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’னு ஒரு கதை போட்டாரு. பொல்லாத மோதிரம் ஒண்ணு. வச்சிருக்கவன் புத்தியைக் கெடுத்துரும். அதை எரிமலையில போட்டு ஒழிச்சுத் தொலைங்கன்னு ஆயிரம் பக்கத்துக்கு மேல எழுதியிருக்காரு. உங்க ஆட்டக்காரங்க 2017ல ‘ஷேடோ ஆஃப் வார்’னு ஒண்ணு எறக்குனாங்களே, அதுல என்ன செஞ்சாங்க? அதே எரிமலைக்குப் போயி புதுசா ஒரு மோதிரம் அடிச்சுட்டு வந்துட்டாங்க! கதையைப் படிச்சவன் செய்யுத காரியமாலே இது?

ஷீலாப்புன்னு கதையில ஒரு பூதச் சிலந்தி. ஆளைக் கொட்டி, நூலால சுத்தி வச்சுத் திங்கும். ஆட்டத்துல அது கறுப்பு உடுப்பு போட்ட அழகியா வந்து நிக்குது. கேட்டா உருவம் மாறும்பாங்க. எட்டுக் கால வச்சுக்கிட்டு வந்தா துட்டு தேறாதோ என்னமோ.

ஆனா 2014ல வந்த மொத ஆட்டம் ‘ஷேடோ ஆஃப் மோர்டோர்’ இருக்கே, அதைக் குறை சொல்ல மாட்டேன். நாயகன் டாலியன் புஸ்தகத்துல இல்லாத ஆளு. செத்தாலும் திரும்ப எந்திரிச்சுருவான். அவன் செத்ததும் என்ன நடக்குது? கொன்ன அரக்கப் பயலுக்குப் பதவி உசருது! நேத்து ஈட்டி புடிச்சவன் இன்னிக்குத் தளபதி. பேரும் பட்டமும் கூட வந்துருது. அடுத்த தடவை பாக்கையில பழசைச் சொல்லிக்காட்டிக் கேலி பண்ணுதான். தீயில தப்பிச்சவன் பொசுங்குன மூஞ்சியோட வந்து கறுவுதான். இந்த ஏற்பாட்டுக்கு ‘நெமெசிஸ்’னு பேரு. மோனோலித்துன்னு அமெரிக்காவுல ஒரு கம்பெனி செஞ்சது. நெசமாவே கெட்டிக்கார வேலை.

சரி, செஞ்சீங்க. அதுக்குக் காப்புரிமை எதுக்குலே? மோனோலித்தோட மொதலாளி வார்னர் பிரதர்ஸ் 2021ல வாங்கிட்டாங்க, 2036 வரைக்கும். இங்க ஒரு சாண் வரப்புக்கு மூணு தலைமுறையா மொறைச்சுக்கிட்டுத் திரியுதான். நெலத்துக்குத்தான் பட்டா வச்சிருக்கானே தவிர, மொறைக்கதுக்கு வச்சிருக்கானா?

இன்னொண்ணையும் கேளு. ரெண்டாவது ஆட்டத்துல அரக்கனை மடக்கி உன் படையில சேக்கலாம். நல்லதுதான். ஆனா அந்த அரக்கனையே பெட்டியில அடைச்சு நெசத் துட்டுக்கு வித்தாங்களே! உள்ள எவன் இருக்கான்னு வாங்குதவனுக்குத் தெரியாது. ஆட்டத்துக்கு முழு வெலை குடுத்தவன் மடியிலயே மறுபடி கை. சனங்க சத்தம் போட்டாங்க. அடிச்சுப் புடிச்சுச் சேத்த ஆளுக்கு இதனால மதிப்பில்லாமப் போச்சுன்னு செஞ்சவங்களே கடைசியில ஒத்துக்கிட்டாங்க. 2018 ஜூலையில அந்தப் பெட்டி விக்குத கடையைக் கட்டினாங்க. வெதைக்கும்போது தெரியாதாலே, என்ன மொளைக்கும்னு?

2025 பிப்ரவரியில வார்னர் அந்த மோனோலித்தையே மூடிட்டாங்க. ஆட்டத்தைக் கண்டுபுடிச்சவனுக்கு வேலை போச்சு. காப்புரிமை மட்டும் மொதலாளி பெட்டியில பத்திரமா இருக்கு. வேற எவனாவது அதே மாதிரி செய்யணும்னா வக்கீலைப் பாத்துட்டு வரணும்.

ஆடுதேன்னா அந்த 2014ல வந்ததையே ஆடு. துட்டு மட்டும் எங்கிட்ட கேக்காதலே.