உதவியாளருக்கு யார் உதவி?

கே: பிசிஷியன் அசிஸ்டென்ட்டாக வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. டாக்டருக்கு நான் உதவி. எனக்கு யார் உதவி?
– வாசகி, திருச்சி

ப: இரவு இரண்டு மணிக்கு நோயாளிக்கு பிரஷர் இறங்கினால் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறீர்கள்? சீனியர் நர்ஸ் அக்காவைத்தானே! அவரிடமிருந்து தொடங்குங்கள்.

அடுத்து, உங்கள் துறையின் சீனியர்கள். 1965-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு தொடங்கியபோது முதல் வகுப்பில் இருந்தவர்கள் 4 பேர். கடற்படையில் மருத்துவப் பணி பார்த்தவர்கள். சந்தேகம் கேட்க ஒரு சீனியர்கூட அவர்களுக்கு இல்லை. உங்களுக்கு உண்டு, சென்னையில் 1992-லேயே இந்தப் படிப்பு வந்துவிட்டதே!

மருந்தின் அளவில் சந்தேகமா? கூச்சப்படாமல் அந்த நிமிடமே டாக்டரிடம் கேளுங்கள். டூட்டி முடிந்ததும் வகுப்புத் தோழிக்கு போன் போடுங்கள். அவரும் இதே கேள்வியோடுதான் இருப்பார்.