தீர்ந்துபோன தம்பிகள்

கேள்வி: பதவி ஆசை வந்தால் அண்ணன் தம்பி உறவுகூட மறந்துபோகுமா?

பதில்: மறந்தால்தான் தேவலையே! நன்றாக நினைவு வைத்திருந்து, ஆள் விடாமல் எண்ணித் தீர்த்துவிடுவார்கள். 1595-இல் ஒட்டோமான் அரியணை ஏறிய மூன்றாம் மெஹ்மத், தன் சகோதரர்கள் 19 பேரையும் கழுத்தை நெரித்துக் கொல்லச் செய்தார். அவர்களில் சின்னஞ்சிறுவர்களும் உண்டு. ‘வாரிசுச் சண்டையில் நாடு சிதறாமல் இருக்க அந்நாட்டு வழக்கமே அனுமதித்ததுதானே?’ என்பீர்கள். சரி, தம்பிகள் தீர்ந்தபிறகாவது மனிதர் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டாமா? 1603-இல் பெற்ற மகன் மஹ்மூத் மேலேயே சந்தேகம். அவனுக்கும் அதே கதி. அந்த வருடக் கடைசியில் சுல்தானும் போய்ச் சேர்ந்தார். அடுத்து வந்த 13 வயது அஹ்மத், தம்பி முஸ்தஃபாவை உயிரோடு விட்டுவைத்தான். பேரரசு ஒன்றும் மறுநாளே கவிழ்ந்துவிடவில்லை; இன்னும் 300 வருடத்துக்கு மேல் ஓடியது.