நடுரோட்டில் மடோனா

கேள்வி: மடோனாவின் ஆரம்பகால வீடியோக்களை இப்போது போட்டுப் பார்த்தால் சிரிப்பாக வருகிறதே! இதற்கா அன்று உருகினோம்?

பதில்: தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் சிரித்துக்கொண்டே மறுபடி போட்டுப் பார்க்கிறீர்களே, அதற்கென்ன சொல்கிறீர்கள்?

1983-ல் வந்த ‘பர்னிங் அப்’ பாட்டில் அம்மணி நடுரோட்டில் கிடந்து காதலில் துடிக்கிறார். காதலன் காரில் வருகிறான். மேலே ஏற்றிவிடுவானோ என்று நமக்குப் பதற்றம். கடைசியில் பார்த்தால் ஸ்டியரிங் அம்மணி கையில், ஆளையே காணோம்! இசைத் தொழிலையே இவர் எப்படி ஓட்டப்போகிறார் என்பதற்கு இதைவிட முன்னோட்டம் வேண்டுமா?

1982-ல் வந்த முதல் இசைத்தட்டு ‘எவ்ரிபடி’யின் உறையில் அவர் முகமே கிடையாது. குரலை மட்டும் கேட்ட பலர் கறுப்பினப் பாடகி என்றே நினைத்தார்கள். (முகம் காட்டாத அந்தக் கணக்கைப் பிற்பாடு வட்டியோடு வசூலித்துவிட்டார்.)

‘லக்கி ஸ்டார்’ வீடியோவில் செலவே இல்லை. வெள்ளைப் பின்னணி, கறுப்பு உடை, கூட ஆடச் சொந்தத் தம்பி கிறிஸ்டோபர். 1984-ல் ‘லைக் எ வர்ஜின்’ வந்தபோது வெனிஸ் நகரம், படகு, நிஜச் சிங்கம் என்று வசதி கூடிவிட்டது. என்ன இருந்தாலும், தம்பி அளவுக்குச் சிங்கம் ஆடவில்லை.