எண்ணெய்க்கு யார் சொல்வது?

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், வடசென்னையின் எண்ணூர் மீனவக் குப்பங்களின் மீது அரசுக்குப் பாசம் பொங்கிவிடும். ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று வானொலியில் சொல்வார்கள், தொலைக்காட்சியில் ஓடவிடுவார்கள், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். நல்ல காரியம்தான். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்டத்துக்காரர்களை இந்தப் பாசம் எட்டவே இல்லை. எத்தனையோ பேர் திரும்பவில்லை. அதனால் எச்சரிக்கையை யாரும் பழிக்கவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது: கடலுக்குப் போகாதே என்பதை மீனவனிடம் மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. போகாதே என்றார்கள், போட்டை இழுத்துக் கட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்தான் மீனவன். வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கிளம்பியது. பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கே போய்விட்டது. போட்டு கடலில் இறங்கப் பதிவு எண் வேண்டும், உரிமம் வேண்டும், ஏறுகிறவனுக்கு அடையாள அட்டை வேண்டும். எண்ணெய்க்கு ஒரு காகிதமும் தேவைப்படவில்லை. மணலிச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எங்கள் குழாயில் கசிவே இல்லை என்றது ஆலை. ஆக, எண்ணெய் சுயம்பு.

வந்த நேரத்தையும் பாருங்கள். வாடைக்காற்றில் வெளிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் சின்னப் போட்டுக்காரனுக்குக் கழிமுகம்தான் கதி. மழைவெள்ளம் முகத்துவாரத்தை அறுத்துக்கொண்டு ஓடும். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் அந்தத் தண்ணீரில்தான் இறாலும் நண்டும் மடவையும் கிழங்கானும் கிடைக்கும். காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் எல்லாம் மழைக்கால அடுப்பை அதை நம்பித்தான் மூட்டுகின்றன. வெளிக்கடலை வானிலை அடைத்தது. கழிமுகத்தை எண்ணெய் அடைத்தது. பூட்டு கச்சிதம்.

பிறகு தொடங்கியது நவீன இந்தியாவின் எண்ணெய் அகற்றும் திருவிழா. கடலுக்குப் போகாதே என்று சொல்லப்பட்டவனையே கூப்பிட்டு, போட்டில் ஏறி எண்ணெயை அள்ளு என்றார்கள். கையில் கொடுத்த தொழில்நுட்பம், வாளியும் குவளையும். ஃபைபர் போட்டின் விளிம்பில் குனிந்து நின்று கருங்குழம்பை மொண்டு மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். முழங்கை வரை கறுப்பு. வலையில் ஒட்டியது தாராய் இறுகி, கண்ணிக்குக் கண்ணி அடைத்துக்கொண்டது. அப்படி ஊறிய நைலான் வலையை மண்ணெண்ணெயில் கழுவினாலும் பழைய வலையாகாது. அலையாத்தி வேரெல்லாம் பிசின் பூசிக்கொண்டது. எண்ணெயில் நனைந்த கூழைக்கடாக்கள் பறக்க மாட்டாமல் நின்றன. டிசம்பர் 17-க்குள் சுத்தம் செய்து முடிக்க வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. வேர்களுக்கு அந்த உத்தரவின் நகல் போய்ச் சேர்ந்திருக்காது.

வாளிக்கு அனுபவம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2017 ஜனவரி 28 அன்று இதே எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு போன்ற பாதிப்பு எதுவும் இல்லை என்று துறைமுகம் உடனே அறிக்கை விட்டது. அந்த ‘இல்லாத’ எண்ணெயைத்தான் பிறகு டன் கணக்கில் வாளியால் வாரினார்கள். இடையில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. நிலவில் கலம் இறக்கிவிட்டோம். எண்ணூர் மீனவன் கையில் மட்டும் அப்போதும் அதே வாளிதான்.

நிவாரணம் வராமல் இல்லை. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், போட்டைச் சரிசெய்ய 10,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். போட்டுக்கு வைத்தியம் உண்டு, இறால் குஞ்சுக்குக் கிடையாது. எண்ணெய் வராத ஆண்டிலும் அரசு கைவிடுவதில்லை, மீன் குறைந்த காலத்துக்கென்று 6,000 ரூபாய் தருகிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றுக்கும் பிரித்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 67 ரூபாய் சொச்சம். அதில் குடும்பமே சாப்பிட்டு, வலையும் பின்னி, பள்ளிக் கட்டணமும் கட்டலாம். அதற்கும் மேலே சேமிப்பு–நிவாரணத் திட்டம் ஒன்று இருக்கிறது: மீனவன் 1,500 கட்ட வேண்டும், மத்திய மாநில அரசுகள் ஆளுக்கு 1,500 சேர்க்கும், மொத்தம் 4,500. நிவாரணத்தில் மூன்றில் ஒரு பங்கு வாங்குகிறவன் பணம். உன் சோற்றிலிருந்தே ஒரு கவளம் எடுத்து உனக்கு ஊட்டிவிட்டு வள்ளல் பட்டம் வாங்குவது எப்படி என்று இவர்களிடம்தான் கற்க வேண்டும்.

அந்த மார்கழி அத்தோடு முடியவில்லை. டிசம்பர் 26, சுனாமி நினைவு நாள். கடலுக்குப் போகாமல் வீட்டிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள் பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும். நள்ளிரவு நெருங்கும்போது, உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுமுட்டிக் கண் எரிய விழித்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கடலுக்குப் போனால் புயல், கழிமுகத்துக்குப் போனால் எண்ணெய், வீட்டில் இருந்தால் அம்மோனியா. மீனவன் எங்கே இருக்கலாம் என்று எந்த அறிவிப்பும் இதுவரை சொல்லவில்லை.

வாடை எந்தத் திசையில் திரும்பும், எந்த அலையில் போட்டு கவிழும், முகத்துவாரம் எந்தப் பக்கம் மண்மூடும் என்பதெல்லாம் அவனுக்குப் பாட்டன் காலத்துப் பாடம். அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் எப்போது உடையும், எந்த ஆலை எந்த ராத்திரி எதைத் திறந்துவிடும் என்பதற்குத்தான் பாட்டனிடம் பாடம் இல்லை. இயற்கைச் சீற்றம் என்று கோப்பில் எழுதுகிறார்கள். குழாய் போட்டது இயற்கையா? ஆற்றுப் படுகையில் சாம்பல் கொட்டியது இயற்கையா? வெள்ளம் வந்தால் எண்ணெய் வெளியேறும் என்று தெரிந்தும் தடுக்காமல் இருந்தது வருண பகவானா?

இவ்வளவுக்குப் பிறகும் அரசு அவர்களை மறக்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில், அதே பருவத்தில், கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கம், 660 மெகாவாட். ஏற்கெனவே நிற்கும் புகைபோக்கிகளோடு இன்னொன்றும் வரலாமா என்று கேட்க ஷாமியானா போட்டு, நாற்காலி வரிசைகட்டி, ஒலிபெருக்கி வைத்தார்கள். தொழிலுக்குப் போக வேண்டியவன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு வந்து, வேண்டாம் என்று சொன்னான். முப்பாட்டன் காலத்திலிருந்து கடலிடம் கேட்டு வாழ்ந்தவனுக்கு, வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஏன் அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று புரியவில்லை. புரியாமல் என்ன இருக்கிறது? அவன் சரி என்று சொல்கிறவரை கேட்பார்கள். அவன் அங்கே இல்லாமல் போய்விட்டால், கேட்க வேண்டிய அவசியமும் இருக்காது.