போனக்காட்டில் எல்லாம் பத்திரம்

வலிப்பு உள்ள பிள்ளையைக் காக்க டாக்டர்கள் சொல்லும் புத்திமதிகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடிக்கும் ஊர் ஒன்று உண்டென்றால் அது திருவனந்தபுரம் பக்கத்து மலைத் தேயிலைத் தோட்டமான போனக்காடுதான்.

'குளிக்கும்போது உள்ளே தாழிட விடாதீர்கள்.' இடிந்துவரும் தொழிலாளர் லயத்தில் தாழ்ப்பாளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'உயரமான கட்டிலில் படுக்க வைக்காதீர்கள்.' கட்டில் இருந்தால்தானே! கூரைதான் பிள்ளையைத் தேடி இறங்கி வருகிறது. 'தூக்கம் கெட்டால் வலிப்பு வரும்.' நல்லது, ஒழுகாத மூலையாகப் பார்த்துப் பாயைப் போடுங்கள். 'அடுப்பருகே தனியே விடாதீர்கள், ஓடையில் தனியே இறங்க விடாதீர்கள்.' யார் பார்த்துக்கொள்வது? தோட்டம் முடங்கி, சம்பளமும் பணிக்கொடையும் பாக்கியாகி, பெற்றவர்கள் வெளியே கூலி தேடி அலைகிறார்கள். 'ஒரு வேளை மாத்திரையும் தவறக்கூடாது.' இதைத் தோட்டக் கம்பெனியிடமும் சொல்லிப் பாருங்கள்; கூலியைத் தவறாமல் கொடுக்கும் பழக்கம் அதற்கில்லை.

இழுப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தோ வேறு இரும்போ கொடுக்கச் சொல்வார்கள் நம் ஆட்கள். அது வைத்தியமென்றால் போனக்காடுதான் நாட்டின் தலைசிறந்த ஆஸ்பத்திரி. பூட்டிய பேக்டரியில் மிஷின் மிஷினாகத் துருப்பிடித்துக் கிடக்கிறது. இரும்பால் ஒன்றும் ஆகாது; சாவிக்கொத்தைத் தூர எறியுங்கள். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகாலை அமுக்காதீர்கள், மணியைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி.

5 நிமிடம்! இந்த மலைப்பாதையில் அதற்குள் எந்த வளைவைத் தாண்டுவீர்கள்? திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரா மருத்துவமனையில் 1995 முதல் வலிப்புக்கு மூளை அறுவை சிகிச்சையே செய்கிறார்கள். இங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தலைக்கு மேல் அகத்தியர்கூடம் மலை; அகத்தியரோ சித்த மருத்துவத்துக்கே முனிவர். அவரும் இறங்கி வருவதாகக் காணோம்.

ஆனால் பேய்க்கு ஒரு குறையுமில்லை. பழைய பங்களாவில் செத்துப்போன வெள்ளைக்காரச் சிறுமி ஆவியாகத் திரிகிறாளாம். அவளைப் பார்க்கக் கேமராவும் கையுமாகக் கூட்டம் ஏறி வருகிறது. கீழே லயத்தில் உயிரோடு ஒரு பிள்ளை வெட்டி இழுத்தால், 'பேய் அடிச்சிருச்சு' என்று திருநீறு பூசி முடித்துவிடுகிறோம். செத்தவளுக்கு ரசிகர்கள், இருப்பவளுக்குத் திருநீறு!

அமைச்சர்மாரே, ஒரு யோசனை. லயத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் மாட்டி, அந்தப் பங்களா வாசலில் உட்கார வைத்துவிடுகிறோம். சுற்றுலா வளர்ச்சி என்று சொல்லியாவது ரோட்டைப் போடுங்கள், ஒரு ஆம்புலன்ஸ் ஏறட்டும்.