உளுந்துக் காசும் தண்ணீர் ஆட்டமும்

கேள்வி: உளுந்து விற்ற காசு கையில் இருக்கிறது. மதுரை அதிசயம் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போகணும் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். செலவுக்கு எப்படி வரம்பு போடுவது?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: கட்டாயம் கூட்டிப் போங்கள். கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் ஆட வேறெங்கே வாய்க்கிறது? ஆனால் புரட்டாசி விதைப்புக்கு விதை, உரம், உழவுக் கூலியை முதலில் எடுத்து வையுங்கள். மழை ஏமாற்றினால் தாங்கவும் கொஞ்சம். மிச்சம்தான் பூங்காவுக்கு.

டிக்கெட் விலை முன்பே தெரிந்துவிடும். பல பூங்காக்களில் பிள்ளைகளின் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் அளக்கிறார்கள். புறப்படும் முன் சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். ஓர் அங்குலம் கூடினால் முழு டிக்கெட்!

பணம் கரைவது உள்ளேதான். நீங்கள் பருத்தி விளையும் ஊர்க்காரர். ஆனாலும் தண்ணீர்ப் பூங்காக்களில் பருத்தி உடையோடு பெரும்பாலும் இறங்க விடமாட்டார்கள். நைலான் உடையை ஊரிலேயே வாங்கிவிடுங்கள், அடுத்த முறைக்கும் ஆகும். வெளிச் சாப்பாட்டுக்கும் பெரும்பாலும் தடை. கடலைமிட்டாயை பஸ்ஸிலேயே முடித்துவிடுங்கள். போனில் ஸ்கேன் பண்ணினால் காசு போவது தெரியாது. நோட்டாகக் கொண்டுபோங்கள். பிள்ளை ஒவ்வொன்றின் கையிலும் நூறு ரூபாய் கொடுத்து, ‘ஐஸ்கிரீமா, போட்டோவா, நீயே முடிவு பண்ணு’ என்று சொல்லிப் பாருங்கள். உங்களைவிடக் கறாராகக் கணக்குப் பார்ப்பார்கள்.

திரும்பும் பஸ் காசை வீட்டில் யார் கேட்டாலும் தராதவர் எவரோ, அவரிடம் கொடுத்துவையுங்கள்.