பொட்டிக்கடைத் தாத்தாவின் யூரோ கணக்கு

டேய் பேராண்டி, நீ ஜெர்மனிக்குப் போயி என்னத்தக் கத்துக்கிட்டன்னு கருணாபுரமே கேக்குது. 15 யூரோ குடுத்து ஒரு கதைப்புஸ்தகம் வாங்கக் கத்துக்கிட்டான்னு நானும் பெருமையாத்தான் சொல்லி வெச்சிருக்கன். அம்மாந் துட்டுக்கு அதுல அப்படி என்னடா இருக்குதுன்னு தெருவுல நாலு பேரு மடக்கினாங்க. ஓநாய் வாலு மொளைச்ச ஒரு பொண்ணு இருக்குதுன்னன். அதுக்கப்புறம் ஒருத்தனும் வாய் தொறக்கல.

உனக்குப் புத்தி சொல்ல இந்தக் கெழவனுக்கு என்ன யோக்கியதைன்னு நெனைக்காத. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல கயிறு கட்டி, கிளிப்பு மாட்டி, புஸ்தகம் தொங்கவிட்டே உங்கப்பனைப் படிக்க வெச்சவன் நான். ராணி முத்து, மாலைமதி, அசோகன் போட்ட பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் எல்லாம் என் கடைக் கயித்துல ஆடினதுதான். வெள்ளிமலை பஸ்சுக்கு ஓடற வாத்தியாரு ஒரு ராஜேஷ்குமாரை உருவிக்கிட்டு ஏறுவாரு. வண்டி மலையேறி முடிக்கறதுக்குள்ள கொலைகாரன் மாட்டிக்குவான். எறங்கறப்ப புஸ்தகம் பக்கத்து சீட்டுக்காரன் கையில இருக்கும்.

நீ வாங்குன அந்த லைட் நாவல்ங்கற புஸ்தகமும் ஜப்பான்ல இதே ரகந்தாண்டா. பத்தரை சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர்கூட எட்டாத உசரம், நடுநடுவுல படம், ரயில்ல நின்னுக்கிட்டே ஒத்தக் கையில புடிச்சிப் படிக்கிற சரக்கு. அங்க விலை 700, 800 யென்னு நீதான் சொன்ன. உன் ஊரு காசுக்கு நாலோ அஞ்சோ யூரோ. அதே கதை இங்கிலீஷ் பேச ஆரம்பிச்சதும் அதுக்கு வந்த மவுசப் பாரு! அமெரிக்காவுல பெரிய சைசு, தடித்த தாளு, அட்டைக்குப் பளபளப்பு, விலை 15 டாலர். ஏன்னு கேட்டா என்கிட்ட பதில் இருக்குது. உரிமைக்காரனுக்கு ஒரு பங்கு, மொழிபெயர்க்கிறவருக்கு ஒரு கூலி, திருத்தறவருக்கு ஒரு கூலி. ஜப்பான்ல ஓடற அளவுக்கு இங்கிலீஷ்ல ஓடாது. கொஞ்சமா அடிச்சா பிரதிக்கு அடக்கம் ஏறத்தான் ஏறும். இது சிவகாசிக்காரனைக் கேட்டாலும் சொல்லுவான்.

நம்ம சரக்குக்கும் இந்த யோகம் அடிச்சுதுடா. 2008ல சென்னை பிளாஃப்ட் பதிப்பகத்துக்காரங்க தமிழ் பாக்கெட் நாவல் எழுதறவங்க கதையெல்லாம் பொறுக்கி, ப்ரீதம் சக்ரவர்த்தி இங்கிலீஷ்ல மொழிபெயர்க்க, கனமா ஒரு தொகுப்புப் போட்டாங்க. ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், ரமணிசந்திரன் எல்லாம் அதுல இருக்குறாங்க. டீ குடிச்ச மிச்சச் சில்லறையில என்கிட்ட வாங்குன ஆளுங்களை, சென்னையில ஏசி கடையில கண்ணாடி அலமாரிக்குள்ள வெச்சிருந்தான். நான் போயிப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டு வந்தன்.

உன் கூத்து அதைவிடப் பெருசு. லக்கி லூக் பெல்ஜியத்துக்காரன் போட்ட படக்கதை, டெக்ஸ் வில்லர் இத்தாலிக்காரன் கதை. 1972ல முத்து காமிக்ஸ், 1984ல லயன் காமிக்ஸுன்னு சிவகாசியில ஆரம்பிச்சு, ஐரோப்பாக்காரன் கதையத் தமிழ் பேச வெச்சு நம்ம பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து சேத்தாங்க. உங்கப்பன் அதைப் படிச்சுத்தான் உருப்படாமப் போனான். இப்ப நீ ஐரோப்பாவுக்கே போயி, பழைய காலத்து ஐரோப்பா மாதிரி இருக்கற ஒரு ஊரு வியாபாரியப் பத்தி ஜப்பான்காரன் எழுதுனதை, அமெரிக்காக்காரன் இங்கிலீஷ்ல அடிச்சு, கப்பல்ல அனுப்ப, வாங்கிப் படிக்கிற. நீ இருக்குற டுசல்டார்ஃப்ல இம்மர்மன் தெரு பூரா ஜப்பான்காரன் கடைதானாமே? அசல் புஸ்தகம் கைக்கெட்டுற தூரத்துல இருக்குது, எழுத்துதான் உனக்குத் தெரியாது. நல்ல பொழப்புடா!

சரி, வாங்கறதுன்னு ஆயிப்போச்சு. ஒழுங்கா வாங்கு.

முன்னெல்லாம் புக் டெபாசிட்டரின்னு ஒரு கடை இருந்துதாம், இங்கிலாந்துல. உலகத்துல பல நாட்டுக்கும் அனுப்புகூலி இல்லாம அனுப்புவானாம். 2004ல ஆரம்பிச்ச கடை, 2011ல அமேசான்காரன் வாங்கினான், 2023 ஏப்ரல் 26ஆம் தேதி பூட்டினான். நீ போயி எறங்கறதுக்குள்ள கடையே இல்ல. கூலி இல்லாம மூட்டை தூக்கறவன் ரொம்ப நாளு நிக்க மாட்டான்னு நம்ம லாரி ஷெட்டுல கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பாங்க.

இங்கிலாந்து பக்கத்துலதான இருக்குது, வேற கடையிலேர்ந்து வரவழைக்கலாம்னு நெனைப்ப. அந்த ஊர்க்காரன் ஐரோப்பாக் கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சு போயிட்டான். 2021 தொடக்கத்துலேர்ந்து அவன் பார்சலு சுங்கம் தாண்டித்தான் வரணும். அதே வருசம் ஜூலை 1லேர்ந்து 22 யூரோவுக்குக் கீழ இருக்கற சில்லறைப் பார்சலுக்கும் சலுகை கெடையாதுன்னுட்டான். அவன் ஊர்ல புஸ்தகத்துக்கு வரி சைபர், உன் ஊர்ல 7 சதம். 15 யூரோ புஸ்தகத்துக்கு ஒரு யூரோ சொச்சம், அது போனாப் போவுது. அந்த ஒரு யூரோவை உன்கிட்ட வசூல் பண்ணிக் கட்டுனதுக்குப் பார்சல்காரன் தனியா ஒரு கூலி கேப்பான் பாரு, அது வரியவிடப் பல மடங்கு. வட்டியவிட வட்டிக்காரன் குடிக்கிற காப்பிக் காசு அதிகம்ன கதை. அதனால, வரிய கடைக்காரன் பில்லுலயே சேத்துப் புடிச்சிட்டானான்னு பாத்துட்டு அப்புறம் பட்டனை அமுக்கு. புடிச்சிட்டான்னா வாசல்ல தகராறு இல்ல.

அதைவிட நல்ல வழி ஒண்ணு சொல்றன். உன் தெருமுனையில ஒரு புஸ்தகக் கடை இருக்கும். உள்ள போயி வணக்கம் சொல்லிட்டு, 13 எண்ணு இருக்குதே ஐஎஸ்பிஎன், அதை ஒரு சீட்டுல எழுதிக் குடு. மொத்த வியாபாரிகிட்ட இருந்தா அவங்க வரவழைச்சுக் குடுப்பாங்க. ஜெர்மன் புஸ்தகமா இருந்தா நாளைக்கே வரும், உன் சரக்கு கடல் தாண்டி வர்றது, நாளாவும். ஆவட்டுமே! அடுத்த லயன் வர ஒரு மாசம் காத்துக் கெடந்த பயலுவளை நான் பாத்திருக்கன், ஒருத்தனும் செத்துப் போவல. ஜெர்மன் புஸ்தகத்துக்கு எல்லாக் கடையிலயும் ஒரே விலைன்னு அந்த ஊர்ல சட்டமே இருக்குது. அமெரிக்காவுலேர்ந்து வர்ற இங்கிலீஷ் புஸ்தகத்தை அந்தச் சட்டம் பெரும்பாலும் கட்டாது. அதனால அதுக்கு மட்டும் நாலு கடை விலைய விசாரி. பேரம் மட்டும் பேசிப்புடாத, மானம் போயிரும்.

தொடர்ல நடுப் பாகம் கெடைக்கலன்னு அழுவுறியே, அது எல்லா ஊர்லயும் உள்ள சாபம். ஒண்ணாம் பாகத்தை எல்லாரும் வாங்குவான், கடைசிப் பாகம் புதுசா வரும், நடுவுல உள்ளது தீந்து போவும், மறுபதிப்பு எப்ப வரும்னு அச்சடிக்கிறவனுக்கே தெரியாது. அந்த நேரம் பாத்து எவனாவது மூணு மடங்கு விலைக்கு வெச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பான். வாங்காத. இன்னொருத்தன் பாதி விலைக்குத் தர்றன்னு வருவான், எங்கேர்ந்து அனுப்புறான், யாரு அச்சடிச்சான்னு தெரியாது. அதையும் வாங்காத. இதுல கிண்டல் இல்லடா. 2024 ஜூன்ல நம்ம தெருவுல என்ன நடந்துதுன்னு உனக்குத் தெரியும். எங்கேர்ந்து வந்துது, உள்ள என்ன இருக்குதுன்னு கேக்காம வாங்குன சாராயப் பாக்கெட்டுல மெத்தனால் இருந்துது. அறுவதுக்கு மேல உசிரு. விலை கொறைச்சலா இருக்குதேன்னு பேரில்லாதவன்கிட்ட வாங்கறதைப் பத்திப் பேச கருணாபுரத்தைவிட எந்த ஊருக்குத் தகுதி இருக்குது?

படிக்கிற ஆசை அடங்கலன்னா செல்போன்ல படி. ஜே-நாவல் கிளப்புன்னு ஒண்ணு 2016லேர்ந்து இருக்குதாம், மாசச் சந்தா கட்டினா புஸ்தகமா வர்றதுக்கு முன்னாடியே பகுதி பகுதியாப் படிக்கலாமாம். புடிச்சா அப்புறம் தாளுல வாங்கு. அந்தக் கம்பெனிய 2021ல ஜப்பான் கடோகாவா வாங்கிட்டான். உன் புஸ்தகத்தை இங்கிலீஷ்ல போடற யென் ப்ரெஸ்ஸுலயும் 2016லேர்ந்து நூத்துக்கு 51 பங்கு அவனுதுதான். எந்தக் கல்லாவுல போட்டாலும் துட்டு அங்கதான் போய் விழுது, நீ வீணா மண்டைய ஒடைச்சிக்காத.

இன்னொண்ணு. அலமாரியில எடத்தைப் பாத்துட்டுத் தொடரை ஆரம்பி. ஹசெகுரா எழுதுன உன் ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப் 2006ல ஆரம்பிச்சு, 17 பாகத்தோட 2011ல முடிஞ்சுதுன்னு சொன்ன. அப்பாடான்னு ஒக்காந்தா 2016ல மறுபடி 18ஆம் பாகம்னு கெளப்பிவிட்டான், கூடவே அந்த ஓநாய்ப் பொண்ணோட மகளை வெச்சு தனியா இன்னொரு தொடரு. நம்ம ஊரு சீரியலுக்காரங்க அவன்கிட்ட போயிப் பாடம் படிக்கணும்.

ஆனா அந்த ஹசெகுரா கெட்டிக்காரன், அதை ஒத்துக்கறன். வெள்ளிக்காசுல வெள்ளி கூடப்போவுதுன்னு ஒருத்தன் கெளப்பிவிடறான். அந்தப் பொண்ணு காசைக் காதுகிட்ட குலுக்கிப் பாத்துட்டு, இல்லடா கொறையுதுங்குது. சந்தையில ஒக்காந்து பாக்காதவனுக்கு இந்த எழுத்து வராது. ரெண்டாம் பாகத்துல அந்த மடப்பய வியாபாரி மிளகை வித்து, மேல கடனும் வாங்கி, இரும்புக் கவசமா வாங்கி வண்டியில ஏத்தினான் பாரு, ஊருக்குப் போனா கவசத்துக்கு விலையே இல்ல. மரவள்ளி விலை படுத்த வருசம் கல்வராயன் மலையிலேர்ந்து எறங்குன லாரி மாதிரியே நின்னான். அந்த எடத்துல நிறுத்திட்டு, பரீட்சை இருக்குது தாத்தான்னு போனை வெச்சிட்ட.

மாசாமாசம் உன் கைக்கு வர்ற 992 யூரோவுக்கு உங்கம்மா கணக்கு கேக்குறா. ரசீதெல்லாம் பாடப்புஸ்தகம்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கன். வர்ற ஞாயித்துக்கெழம போன் போட்டு, அந்த வியாபாரி கவசக் கடனை எப்படி அடைச்சான்னு முழுசாப் படிச்சுச் சொல்லு. இல்லன்னா எதுத்த வீட்டுப் புள்ள காலேஜுல இங்கிலீஷ்தான் படிக்குது, ரசீதைக் குடுத்து உங்கம்மா முன்னாடியே சத்தமா வாசிக்கச் சொல்லிடுவன்.